வடக்குச் சுவரில் ஒரு பனிக்காலம்

டிராவ்காட் லிண்டிக் ஐம்பத்திரண்டாம் வயதில் எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்கினார். தொடங்கிய நாள் 1827 பிப்ரவரி 14, புதன்கிழமை. அவர் முடித்த படம் ஒன்றே ஒன்று. எங்கள் தேவாலயத்தின் வடக்குச் சுவரில், மூன்றாவது தூணுக்கும் நான்காவது தூணுக்கும் நடுவே அது இன்றும் தொங்குகிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, பனி ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது, வரைந்தவர் பனியையே பார்த்ததில்லையா என்று கேட்கிறார்கள். பார்த்தவர்தான். நடந்ததை அறிந்தவர்களில் நான் ஒருவனே மிச்சம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் அப்போது தேவாலய எழுத்தர். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் என் பொறுப்பு. அவற்றின் ஓரத்தில் அன்றைய வானிலையையும் எல்பே ஆற்றின் நிலையையும் குறித்து வைப்பேன். அது யாரும் கேட்டுச் செய்ததல்ல.

லிண்டிக் கோப்பை ஓவியர். பதின்மூன்று வயதில் மலைப்பக்கத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் தொழில் பழகி, 1799இல் இங்கே வந்து தங்கினார். வெள்ளைக் கோப்பைகளைப் பெட்டி பெட்டியாகத் தருவித்து, வீட்டிலேயே வரைந்து, பின்கட்டில் இருந்த சிறு சூளையில் சுடுவார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும், எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், மேசையில் அவர் கோப்பை இருக்கும். ரோஜா, நீலச் சிறுபூ, பொன் விளிம்பு, நடுவில் ஆடு மேய்க்கும் பெண். அந்தப் பெண்ணின் முகம் விரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. தூரிகையின் ஒன்பது தொடுகையில் அதைப் போட்டுவிடுவதாக ஒருமுறை என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

மனைவி ரெகீனே படகுத்துறைக்காரர் மகள். நான்கு பிள்ளைகள் பிறந்தன. மூன்று பேரின் பெயர்களை ஐந்து வயதுக்குள்ளாகவே இறப்புப் பதிவேட்டில் எழுத வேண்டியதாயிற்று. மிஞ்சியவள் சிடோனி, 1808இல் பிறந்தவள். உயரமான பெண். தோளைச் சற்று இடப்புறம் சாய்த்து நடப்பாள், சிறுவயதிலிருந்தே கோப்பைப் பெட்டியை அந்தப் பக்கம் சுமந்த பழக்கம்.

1826 பிப்ரவரி 12, ஞாயிறு. அக்கரைப் பண்ணையில் பத்து மணிக்கு ஞானஸ்நானம். பன்னிரண்டு கோப்பைகள் போய்ச் சேர வேண்டும். அவற்றின் பொன் விளிம்பை லிண்டிக் சனிக்கிழமைதான் சுட்டிருந்தார். சூளை ஆறாமல் திறந்தால் பீங்கான் வெடிக்கும் என்பதால் விடியும்வரை காத்திருந்தார். ரெகீனே காய்ச்சலில் படுத்திருந்தாள். ஏழரை மணிக்கு சிடோனி பெட்டியோடு உறைந்த ஆற்றில் இறங்கினாள்.

ஆறு உறைந்தால் நடக்கத்தக்க வழியை ஊசியிலைக் கிளைகள் நட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். ஆபத்தான இடத்தில் ஒரு கம்பும், அதன் தலையில் வைக்கோல் பிரியும் இருக்கும். அந்த வாரம் மது காய்ச்சும் கொட்டகைக்காரர்கள் சரக்கைக் குளிர்விக்க நடு ஆற்றுக்கு அப்பால் பனிக்கட்டி அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடம் மேலே மெல்லியதாக மறுபடி உறைந்து, அதன்மீது பனியும் விழுந்துவிட்டது. கம்பு நின்றது. வைக்கோலை சனிக்கிழமைக் காற்று கொண்டுபோயிருந்தது. கிளை வழி வளைந்து போகிறது என்று சிடோனி நடுவில் குறுக்கே திரும்பினாள்.

அவள் உடல் கிடைக்கவில்லை. பனி உடைந்த பிறகு படகுக்காரர்கள் ஏப்ரல் 20 வரை தேடினார்கள். கோப்பைப் பெட்டியை ஆற்றோட்டத்தில் டோர்காவு ஊருக்குக் கீழே ஒரு மீனவர் கண்டெடுத்தார். பன்னிரண்டில் ஒன்பது முழுசாக இருந்தன.

எங்கள் ஊரில் மணமாகாமல் இறக்கும் பெண்ணின் சவப்பெட்டிமேல் ஒரு கிரீடம் வைப்போம். பசுமை மாறாத இலையும் கண்ணாடி மணியும் கம்பியில் கட்டியது. அடக்கம் முடிந்ததும், பெயர் எழுதிய பலகையோடு அதைத் தேவாலயச் சுவரில் மாட்டுவோம். அவளுக்குக் கிடைக்காத கல்யாணத்துக்கு ஈடாக அது. சிடோனிக்குச் சவப்பெட்டியும் இல்லை, அடக்கமும் இல்லை. ஆகவே கிரீடமும் இல்லை. என் பதிவேட்டிலும் அவள் பெயருக்கு நேரே, அடக்க நாள் என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. ரெகீனே ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து, மற்றப் பெண்களின் கிரீடங்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

1827 ஜனவரியில் மேலிடத்து உத்தரவு வந்தது. வரும் டிசம்பர் 2, திருவருகை ஞாயிறு முதல் தேவாலயச் சுவர்களில் புதிதாகக் கிரீடமோ பலகையோ மாட்டக் கூடாது. இருப்பவை இருக்கலாம், ஆனால் எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும் மறுபடி மாட்டக் கூடாது. போதகர் நேரிங் அதை ரெகீனேவிடம் தானே நேரில் போய்ச் சொன்னார். மரித்தோர் ஞாயிறு நவம்பர் 25இல் வருகிறது, அதற்குள் ஒரு பலகையும் கிரீடமும் கொண்டுவந்தால் அடக்கம் நடந்ததா என்று கேட்காமல் மாட்டிவிடுகிறேன் என்றார். அவர் வேலைக்கே அது ஆபத்து. இருந்தும் சொன்னார்.

பீங்கானில் ஒரு நினைவுத் தட்டு செய்கிறேன் என்றார் லிண்டிக். ரெகீனே ஒத்துக்கொள்ளவில்லை.

"தட்டும் கோப்பையும் நான் கழுவி அடுக்குற சாமானுங்க. எம் புள்ளைக்கு அது வேணாம். முன்னால போய் நின்னு பார்க்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். அந்த ஞாயிறு காலையின் வானிலையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். உறைநிலைக்குக் கீழே எட்டுப் பாகை. கீழ்க்காற்று, மெலிது. பனி விழுந்து நாலு நாள். வானம் மூடியிருந்தது, கிழக்கே மட்டும் அடிவானத்தில் மஞ்சள் கீற்று. ஆற்றுப் பனிக்கட்டி துறையருகே பதினொரு அங்குலம்.

"பனி மேல வெளிச்சம் எப்படி விழுந்துதுன்னு இருக்கா, எழுத்தரே?"

அப்படி ஒரு கட்டம் என் பதிவேட்டில் இல்லை என்றேன். பரவாயில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி, நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே மிச்சத்தையும் சொன்னார். கரையில் நின்று மகள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கிளை வழியில் போனால் கால் மணி கூடுதலாகும் என்று அவர்தான் குறுக்கே போகச் சொன்னாராம். அவள் பாதி ஆற்றில் தயங்கி நின்றபோது, திரும்பிப் பார்க்கும் முன்பே, கையை வாயில் குவித்து, போ, போ என்று கத்தினாராம். அவள் திரும்பாமலே போனாள்.

"ரெகீனேவுக்கு இது தெரியாது. அவ படகுக்காரர் பொண்ணு. கிளையை விட்டு ஒரு அடி தள்ளி நடக்க விட்டிருக்க மாட்டா. இதை எங்கேயும் எழுதாதீங்க."

எழுதவில்லை. இப்போது எழுதலாம், இருவருமே இல்லை.

கற்றுக்கொடுத்தவர் ஓட்டிலி வாக்ஸ்முத். மருந்துக்கடைக்காரரின் தங்கை, அப்போது முப்பத்தொரு வயது. எட்டு வருடம் டிரெஸ்டன் நகரில் படங்களைப் பார்த்து நகல் எடுத்துப் பிழைத்தவர். அங்கே அப்போது பனிக்காலப் படங்களுக்கு மவுசு. மொட்டை ஓக் மரம், இடிந்த மடத்தின் வளைவு, பனியில் ஒரு சிலுவை, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சின்ன உருவம். இதை உறக்கத்திலும் வரைவேன் என்று ஓட்டிலியே சலிப்போடு சொல்வார். மருந்துக்கடைப் பின்னறை இருட்டு என்பதால், என் வீட்டு மாடியில் வடக்கு ஜன்னல் உள்ள அறையைப் புதன்கிழமைகளில் கொடுத்தேன். அதனால் எல்லாம் என் கண்முன் நடந்தது.

பலகை லிண்டன் மரம். உயரம் ஒன்றரை முழம், அகலம் இரண்டு. சுண்ணமும் பசையும் கலந்து ஏழு பூச்சுப் பூசி, முட்டை ஓடு மாதிரி தேய்த்து எடுத்தார் லிண்டிக். அந்த வேலையில் ஓட்டிலிக்கே அவர் கற்றுக்கொடுக்கலாம். வரையத் தொடங்கியதும்தான் சிக்கல்.

முதல் ஆறு வாரம் அவர் பனியை வரையவே இல்லை. வானத்தைப் போட்டார், மரங்களைப் போட்டார், பனி இருக்க வேண்டிய இடத்தில் பலகையை வெறுமனே விட்டார். பீங்கானில் வெள்ளை என்பது பீங்கானேதான். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விடுவதுதான் கோப்பை ஓவியருக்கு முதல் பாடம். முப்பத்தொன்பது வருடம் தொடாமலே விட்ட கை அது.

"பனி எங்கே, ஐயா?" என்று கேட்டார் ஓட்டிலி.

"இதோ இருக்கே."

"அது பலகை. அடுத்த வருஷம் எண்ணெயைக் குடிச்சு டீத்தண்ணி நிறத்துல நிக்கும். பனியையும் நீங்கதான் போட்டாகணும். சும்மா விட்டா வந்துடுமா?"

"வாத்தியாரம்மா, எங்க தொழில்ல சும்மா விடத் தெரியாதவனைத்தான் அடிப்பாங்க."

இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரிது. கோப்பையில் பூசும் பொன், சூளைக்குள் போகும்போது சேற்று நிறத்தில் இருக்கும். ரோஜாச் சிவப்பு சாம்பல் பூத்த ஊதாவாக இருக்கும். நெருப்புத்தான் நிறத்தைக் கொண்டுவரும். கண்ணுக்குத் தெரிவதை நம்பாதே, வெளியே வரப்போவதை நம்பு என்று பழகியவர் லிண்டிக். பலகையிலும் அப்படியே செய்தார். அடிவானத்து மஞ்சளை அழுக்குப் பழுப்பாகப் பூசிவிட்டு, சரியாக இருப்பதாகத் தலையாட்டினார். இது இப்படியேதான் இருக்கும், மாறாது என்று ஓட்டிலி ஏப்ரல் முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் ஓட்டிலி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, எழுத்தரே. இவர்தான் அதை நம்ப மாட்டேங்கிறார்."

மே மாதத்தில் பிடிபட்டது. பனி வெள்ளை இல்லை என்பதை அப்போதுதான் கண்டார். ஈய வெள்ளையில் கருமையும் துளி நீலமும் கலந்து, நிழல் விழும் பக்கம் புறாக் கழுத்து நிறத்தில் முதலில் மெல்லியதாகப் போட வேண்டும். அது காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் குறைவானது அடியில், எண்ணெய் கூடுதலானது மேலே. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் பத்து நாள், பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சுத்த வெள்ளை கடைசியில், ஒரே ஒரு இடத்தில். அதைத் தொலைவில் கிழக்குக் கீற்றுக்குக் கீழே வைத்தார் லிண்டிக். ஜூன் 27 அன்று ஓட்டிலி அதைக் கிட்டேயும் எட்டவும் நின்று பார்த்தார். பிறகு, தான் எட்டு வருடத்தில் போட்ட பனியெல்லாம் சுண்ணாம்பு என்றார்.

எதை எங்கே வைப்பது என்பதில் சண்டை இருந்தது. அடிவானத்தைத் தாழ்த்தி, பலகையில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்கு விட வைத்தார் ஓட்டிலி, லிண்டிக் இணங்கினார். இடிந்த வளைவு ஒன்று வேண்டும் என்றார் ஓட்டிலி, அதற்கு லிண்டிக் இணங்கவில்லை. எங்கள் ஆற்றங்கரையில் இடிந்த மடம் எதுவும் இல்லை, இருப்பது மது காய்ச்சும் கொட்டகை. ஓக் மரமும் இல்லை, நாலு மொட்டை வில்லோ மரங்கள்தான். ஆனால் கிளை வழியை ஒவ்வொரு கிளையாக வைத்தார். நடுவுக்கு அப்பால், பனியில் தனியே ஒரு கம்பை நட்டார்.

"இது என்ன, பாதியில நிக்குது? குறுக்கே ஒரு கட்டை போட்டா சிலுவை ஆயிடுமே" என்றார் ஓட்டிலி. அவர் ஊருக்குப் புதியவர்.

"வேணாம். அது அவ்வளவுதான்."

உருவத்தை ஆகஸ்டில் போட்டார், இரண்டே நாளில். பெட்டி இடப்புறம், தோள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. பழுப்புச் சால்வை. கையளவு உயரம்கூட இல்லை. முதுகு மட்டுமே தெரிகிறது. கிளை வழியிலிருந்து ஓரடி தள்ளி, கம்பை நோக்கி நடக்கிறாள். அவளைத் தெரிந்த யாரும் தெருவில் கூப்பிட்டுவிடுவார்கள், அவ்வளவு அவளாகவே இருந்தாள். டிரெஸ்டன் படங்களில் முதுகு காட்டும் உருவம் பார்ப்பவரையும் தன்னோடு தொலைவுக்கு அழைத்துப் போவதற்காக இருக்கிறது என்று ஓட்டிலி விளக்கினார். லிண்டிக் அதைக் கேட்டுக்கொண்டார். அவர் பார்த்தது முதுகைத்தான், அதைத்தான் வரைந்தார்.

செப்டம்பர் 30, ஞாயிறு, ரெகீனேவை அழைத்து வந்து காட்டினார். நிறம் எழும்பித் தெரிய அதற்கு முந்திய நாள் முட்டை வெள்ளையை அடித்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்திருந்தார். இது தற்காலிகப் பூச்சு, மறுபடி தூரிகை வைப்பதாக இருந்தால் முதலில் தண்ணீரில் கழுவி எடுத்துவிடுங்கள் என்று ஓட்டிலி அப்போதே சொன்னார். நானும் கேட்டேன்.

ரெகீனே படத்தின் முன்னால் நின்றாள். கம்பைப் பார்த்தாள், கிளைகளைப் பார்த்தாள். கடைசியில் மகளைப் பார்த்தாள்.

"போறாளே" என்றாள். பிறகு, "என்னைப் பார்த்து வர்ற மாதிரி போடுங்க. அன்னிக்கு நான் பார்க்கல. காய்ச்சல்ல கிடந்தேன். எனக்கு அவ மொகம் வேணும்."

 லிண்டிக் எதிர்த்துச் சொல்வதாக இருந்தால், தான் பார்த்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். சரி என்றார்.

அக்டோபரில் அவர் புதன்கிழமை மட்டுமல்ல, தினமும் என் மாடிக்கு வந்தார். பழைய உருவத்தின் மேல் ஈய வெள்ளையைக் கனமாக அப்பி மூடி, அதன்மேல் எதிரே நடந்து வரும் பெண்ணை வரைந்தார். முட்டை வெள்ளையைக் கழுவவில்லை, அவசரத்தில் மறந்துவிட்டார். சால்வை வந்தது, பெட்டி வந்தது. முகம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் தூரிகை ஒன்பது தொடுகையில் ஓடி முடிந்துவிடும். உருண்டைக் கன்னம், சின்ன வாய், பக்கவாட்டில் பார்க்கும் கண். துடைப்பார், மறுபடி போடுவார், மறுபடியும் அதே ஆடு மேய்க்கும் பெண். ஒரு பிற்பகல் நான் காப்பி கொண்டுபோனபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"அவ மொகம் எனக்குத் தெரியும், எழுத்தரே. கைக்குத்தான் தெரியலை."

நவம்பர் 7 அன்று அதற்குமேல் தொட வேண்டாம் என்று நிறுத்தினார். ஓட்டிலி விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, இவ்வளவு கனமான வெள்ளை இந்த ஈரக் குளிரில் வசந்தம் வரைக்கும் காயாது என்றார். எங்கள் வழக்கப்படி பலகையைக் கறுப்புத் துணியில் சுற்றி, கிரீடத்தோடு ஆறு கன்னிப்பெண்கள் தெரு வழியே சுமந்து வர வேண்டும். துணி பட்டால் முகம் துணியோடு போய்விடும். மூடாமல் கொண்டுபோகலாமே என்று நான் கேட்டேன். கிரீடத்தையோ பலகையையோ மூடாமல் எடுத்துப் போனால் அடுத்த சாவைக் கூப்பிடும் என்று பெண்கள் சுமக்க மறுப்பார்கள் என்றார் லிண்டிக். அது உண்மைதான்.

நவம்பர் 20, செவ்வாய். லிண்டிக் பலகையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், சூளையை மிதமாக மூட்டி, வாயைத் திறந்து வைத்து, இரண்டு முழ தூரத்தில் பலகையை நிறுத்தினார். சூளை கெடுக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வாழ்நாளில் செய்த எல்லாம் நெருப்பிலிருந்துதான் முடிந்து வெளியே வந்தது. மூன்று மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பலகை மேல்மூலையில் ஒரு விரல் நீளம் வெடித்திருந்தது. பனி, கருகிய பாலாடை நிறத்தில் சுருங்கியிருந்தது. நடுவில் பெண் கொப்பளித்திருந்தாள்.

மறுநாள் அதை என் மாடிக்கே திரும்பக் கொண்டுவந்தார். ஓட்டிலி வந்து பார்த்தார், திட்டவில்லை. மேல்பூச்சு ஓரத்தில் தானாகவே தூக்கிக்கொண்டிருப்பதைக் காட்டி, முட்டை வெள்ளையைக் கழுவாததால் அது கீழே பிடிக்கவே இல்லை, வெந்நீரில் நனைத்தால் மொத்தமாக வந்துவிடும், அடியில் இருக்கும் படம் அநேகமாகப் பிழைத்திருக்கும் என்றார். லிண்டிக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் ரெகீனேவுக்கு ஆள் அனுப்பினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

அவள் இந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. இடுப்பில் கட்டிய அடுப்படித் துணியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"இது யாரு?"

ரெகீனே இன்னும் கிட்டே குனிந்தாள்.

"கோப்பையில இருக்கிறவ இல்ல இது? முப்பது வருஷமா ஊரு முழுக்கக் காப்பி குடிக்கிறாங்களே, அவதானே?"

"எனக்கு வேற மொகம் வரல, ரெகீனே."

வெந்நீரும் துணியும் கேட்டாள். ஓட்டிலி தான் செய்வதாகச் சொன்னதற்கு விடவில்லை. துணியை நனைத்து முகத்தின்மேல் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். பிறகு தட்டுக் கழுவும் கையோடு, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நிதானமாகத் துடைத்தாள். கன்னம் போனது, பெட்டி போனது, வெள்ளை தோலாகச் சுருண்டு வந்தது. அடியில் பழைய பனி இருந்தது, சூடு பட்ட இடத்தில் கொஞ்சம் பழுத்து. பழுப்புச் சால்வை வெளியே வந்தது. தோள் இடப்புறம் சாய்ந்திருந்தது.

ரெகீனே துணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"இப்படித்தான் போனாளா?"

"ஆமா."

"கிளைக்கு வெளியில நிக்கிறாளே. நான் படிச்சுப் படிச்சுச் சொல்லி வளர்த்த புள்ள. எதுக்கு வெளியில போனா?"

லிண்டிக் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றார். "நின்னா. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள போ போன்னு கத்தினேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக. பிறகு ஓட்டிலியிடம், இது ஞாயிற்றுக்குள் துணி சுற்றும்படி ஆகுமா என்று கேட்டாள். ஆகும் என்றார் ஓட்டிலி. அப்படியானால் இதையே மாட்டச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நவம்பர் 25, ஞாயிறு. இரண்டு பாகைக் குளிர், மழை கலந்த பனி. ஆறு பெண்கள் பலகையையும் கிரீடத்தையும் சுமந்து வந்தார்கள். போதகர் பெயரை உரக்கப் படித்தார். துணியை எடுத்தபோது, கம்பை அடையாளம் கண்டவர்கள் முதல் வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது கேட்டது. என் பதிவேட்டில் அடக்க நாள் கட்டத்தில், போதகர் சொன்னபடி, "வடக்குச் சுவர்" என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் தேதி இல்லாத ஒரே பதிவு அதுதான்.

அதன்பின் அவர்கள் பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் அவருக்கு ரொட்டி அறுத்து வைத்தாள், சட்டை தைத்தாள், நோயில் பார்த்துக்கொண்டாள். தன் உணவை மட்டும் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டாள். அவரிடம் நேராக எதுவும் பேசியதில்லை. பூனையிடம் சொல்வாள், "ஐயாவை செருப்பு மாத்திக்கிட்டுப் போகச் சொல்லு, வெளியில ஈரம்." லிண்டிக்கும் பூனைக்கே பதில் சொல்லப் பழகினார். கோப்பை தொடர்ந்து வரைந்தார், ரோஜாவும் நீலப்பூவும் மட்டும். ஆடு மேய்க்கும் பெண்ணைக் கேட்டவர்களை வேறு இடம் பார்க்கச் சொன்னார். எண்ணெய் வண்ணத்தை மறுபடி தொடவில்லை. ஓட்டிலி 1830இல் டிரெஸ்டனுக்கே திரும்பிப் போனார். போகுமுன் தன் தூரிகைகளில் நாலைக் கொடுத்தார், அவற்றை லிண்டிக் பொன்பூசவும் பயன்படுத்தவில்லை.

அவர் 1839 பிப்ரவரி 3 அன்று நுரையீரல் நோயில் இறந்தார். பதிவுக்காக ரெகீனே என்னிடம் வந்தாள். பிறந்த ஊர், தகப்பன் பெயர், எல்லாம் சரியாகச் சொன்னாள். போகுமுன் நின்றாள்.

"அந்தப் பனி மஞ்சளாயிட்டே வருதே, எழுத்தரே. மூணு வருஷமா பார்க்கிறேன். சூளையில வெந்ததாலயா?"

அவள் பார்க்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகிறவள் அவள். அதற்கு ஓட்டிலியின் பதில் என்னிடம் இருந்தது, முன்பே கடிதத்தில் கேட்டிருந்தேன். சூளை மட்டும் காரணமில்லை. எண்ணெயில் குழைத்த வெள்ளை இருட்டில் இருந்தால் மஞ்சளாகும். வடக்குச் சுவரில் வெயிலே படுவதில்லை. கழற்றி, ஜன்னலோரத்தில் நல்ல வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் போதும், பெரும்பகுதி வெளுத்துவிடும். அதைச் சொன்னேன். உத்தரவையும் சொன்னேன்: கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது. போதகர் நேரிங் இறந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இப்போதைய போதகர் ஒரு எழுத்துக்கூட வளையாதவர். வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் கழற்றித் தருகிறேன், வெளுத்த பனியை அவள் தினமும் பார்க்கலாம் என்றேன்.

ரெகீனே கொஞ்சம் யோசித்தாள்.

"வீட்டுல யாரு வந்து பார்ப்பா? அங்கயே இருக்கட்டும்."

பிறகு சால்வையை இழுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். அன்று உறைநிலைக்குக் கீழே ஆறு பாகை, கீழ்க்காற்று, துறையருகே பனிக்கட்டி ஒன்பது அங்குலம். கிளைகளை நட்டாகிவிட்டது.